ஹவல்தார் முன்னால் ஒரு கேலி

என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்த நாள் அது. மதராசி என்றாலே பம்பாய் முறைத்துப் பார்த்த அறுபத்தேழாம் வருஷம். மாட்டுங்காவில் ஒரு கடையின் பூட்டை யாரோ உடைத்திருந்தார்கள். காலையில் எங்கள் தாராவிச் சந்துக்குள் வந்த போலீஸ் ஹவல்தார், டீ குடித்துக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து, "ராத்திரி எங்கே இருந்தீர்கள்?" என்று இந்தியில் அதட்டினார்.

பயம் வந்தால் என் வாய் சும்மா இருக்காது. பக்கத்தில் நின்ற நெல்லையப்பன் என் அக்கா புருஷன். மச்சானைக் கேலி பேசாதவனை எங்கள் திருநெல்வேலிப் பக்கம் மனுஷனாகவே மதிக்கமாட்டார்கள். "இவரைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க சாப், ஊர்ப் பூட்டெல்லாம் உடைச்ச ஆளு" என்று அந்த இந்தியிலேயே சொல்லித் தொலைத்தேன்.

மச்சானாவது இல்லையென்று சொல்லியிருக்கலாம். எங்கள் முறையில் மறுத்தவன் தோற்றவன். சொன்னதற்கு மேல் ஒரு படி போக வேண்டும். அவரும் சிரித்துக்கொண்டே, "தொழில் கத்துக்குடுத்ததே இவன் அப்பன்தான் சாப்" என்றார். டீக்கடையில் நம் ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஹவல்தார் சிரிக்கவில்லை. மச்சானின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

பின்னாலேயே ஓடினேன். உள்ளே மச்சானுக்கு அடி விழும் சத்தம் ஸ்டேஷன் வாசல்வரை கேட்டது. கேஸ் எழுதிவிட்டால் அக்கா மூன்று பிள்ளைகளோடு தெருவில் நிற்பாள். வெளியே வந்த ஹவல்தாரின் காலைப் பிடித்து, "மஜாக் சாப், வெறும் மஜாக்" என்று அழுதேன்.

"விளையாட்டு என்றால் அவன் ஏன் ஒத்துக்கொண்டான்? சொந்த அக்கா புருஷனைத் திருடன் என்று எவனாவது சொல்வானா?"

எங்கள் ஊரில் சொல்லாதவன் எவன்? வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு ஒரே இலையில் சாப்பிடுவோம். இதை எந்த இந்தியில் சொல்ல? எனக்குத் தெரிந்த இந்தி டிக்கெட் வாங்கவும் கெஞ்சவும்தான் போதும்.

மத்தியானம் மச்சான் வேலை பார்க்கும் தோல் ஷாப்பின் முதலாளி கரீம் பாட்சா வந்தார். நெல்லையப்பன் விடியும்வரை தன்னிடம் வேலை பார்த்ததாக எழுதிக்கொடுத்தார். புண்ணியவான். அதற்குப் பிறகுதான் விட்டார்கள்.

மச்சானின் உதடு கிழிந்திருந்தது. என்னை, என் அப்பனை, பரம்பரையையே இழுத்துத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் பிழைத்தேன். அவர் என்னைத் தாண்டி நடந்தார். தாங்க முடியாமல் நானே ஆரம்பித்தேன்: "விருந்து பலமோ மச்சான்? வெத்தலை போட்ட மாதிரி வாயெல்லாம் செவந்திருக்கே."



மச்சான் நின்றார். என் முகத்தைப் பார்க்காமல், "உங்களுக்கு வேலைக்கு நேரமாச்சு. நீங்க கிளம்புங்க" என்றார்.

அக்காவைக் கட்டிய நாளிலிருந்து என்னை 'ஏலே' என்று மட்டுமே கூப்பிட்ட மனுஷர். ஸ்டேஷன் வாசலில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.