ரெட்டை வீடு, மூணு வீடு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் வீட்டு வாசலில் கரிக்கட்டையால் கட்டம் போட்டது சுகுணாவின் தப்புதான். ஆனால் அந்த நேரத்தில் அவள் மனசு முழுக்க அண்ணன் மகள் வைஷ்ணவிதான் இருந்தாள். ஆறு வயசுப் பிள்ளையைப் பியானோ முன்னால் பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார வைத்தால் கால் ஆடும், கண் ஜன்னலுக்குப் போய்விடும். அதனால் கோலமாவில் பியானோவின் வெள்ளைக் கட்டைகளை வரைந்து, கறுப்புக் கட்டைகளைக் கரியால் நிரப்பினாள். கறுப்பு இரண்டாக நிற்பது ரெட்டை வீடு, மூன்றாக நிற்பது மூணு வீடு.

"ரெட்டை வீட்டுக்கு எடது பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்கிறது யாரு?"

"ச!" வைஷ்ணவி அதில் குதித்தாள். அங்கிருந்து பாண்டி ஆடுவதுபோல ஒற்றைக் காலில் தாவித் தாவி, தாவும் கட்டையின் சுரத்தையும் பாடினாள்.

அண்ணி செவந்தி ஒரு வாளித் தண்ணீரோடு வெளியே வந்தாள். கட்டத்தின் மேல் ஊற்றினாள். கறுப்புத் தண்ணீர் பிள்ளையின் காலைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு ஓடியது.

"வெள்ளிக்கெழம வெளக்கு வைக்கிற நேரத்துல வாசல்ல கரிய அப்புறீங்களே டீச்சரம்மா. எங்க குடும்பம் நல்லா இருக்கக்கூடாதுன்னு வேண்டுதலா?"

"யோசிக்காமப் பண்ணிட்டேன் அண்ணி."

"ஏன், இந்த வாசல்ல நீங்க கோலம் போட்டதே இல்லையா?"

"போட்டிருக்கேன். நீங்க வர்றதுக்கு முன்னாடி பத்து வருசம்."

சொல்லியிருக்க வேண்டாம். செவந்தியின் முகம் இறுகியது. உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்துவந்து விரித்தாள்.

"நாப்பது நிமிசம் கிளாஸ். அதுல பியானோவத் தொட்டது ஏழு நிமிசம். போன ஞாயித்துக்கெழம ஒம்பது. மிச்ச நேரமெல்லாம் குதியாட்டம். இதுக்கு ரெண்டு பஸ் மாறி வரணுமா? பியானோ சொல்லித்தர்ற ரகுநாத் சார்கிட்ட பேசிட்டேன். அவருகிட்ட போற புள்ளைக ஒரு மணி நேரம் அசையாம ஒக்காருதாம்."

"பொம்மையும்தான் அசையாம ஒக்காரும்."

"பேச்சுக்குக் கொறச்சலில்ல. ஞாயித்துக்கெழம ஒங்க அண்ணன் வீடியோ கால்ல வருவாரு. அவரு முன்னாடி ஒரே ஒரு பாட்ட முழுசா வாசிக்கட்டும். வாசிக்கலைன்னா அன்னிக்கோட ஒங்க கிளாஸ் முடிஞ்சுச்சு."

திருக்கோகர்ணத்தில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் சுகுணா ஞாயிற்றுக்கிழமையையே நினைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் அப்பாவும் போனபிறகு திருமயத்தில் இருக்கும் அந்தப் பிறந்த வீட்டுக்குள் நுழைய அவளுக்கு ஒரு காரணமும் இல்லாமல் போயிருந்தது. இரண்டு தீபாவளிக்குப் போயும், வா என்று கேட்க ஆளில்லாமல் நின்றபடியே திரும்பினாள். துபாயிலிருந்து அண்ணன் பிரசாந்த் மகளுக்குப் பியானோ வாங்கிக் கொடுத்து, "ஒன்னய விட்டா யாரு சொல்லித்தருவா" என்று கேட்டபிறகுதான் வாரம் இரண்டு நாள் அந்தப் படி ஏறுகிறாள். இந்த வகுப்பும் நின்றால் பிறந்த வீடும் நின்றது.

செவந்தியின் கோபத்துக்கு வயசு எட்டு. பெண் பார்க்கப் போன அன்று அவளைப் பாடச் சொன்னார்கள். கல்லூரியில் இசை படித்துக்கொண்டிருந்த சுகுணா, "பாட்டு நல்லாத்தான் இருக்கு, சுருதிதான் வேற ஊருக்குப் போயிருச்சு" என்றாள். கூடம் சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தான். அதன்பிறகு செவந்தி தாலாட்டுக்குக்கூட வாய் திறந்ததில்லை.

ஞாயிறு காலை சுகுணா போனபோது கைப்பேசியில் பிரசாந்த் தயாராக இருந்தான். வைஷ்ணவி ஸ்டூலில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். கட்டைகளில் பள்ளிக்கூட நோட்டு லேபிள்களை வெட்டி ஒட்டி, ச, ரி, க, ம என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

"ரெண்டு நாளா நான் ஒக்கார வச்சேன்" என்றாள் செவந்தி. "எழுத்தப் பாத்து வாசி பாப்பா. குதிக்கிறதெல்லாம் வேண்டாம்."

சுகுணா சொல்லித்தந்த சின்ன பஸ் பாட்டுதான். 'பஸ்ஸு வருது' வரைக்கும் சரியாகப் போனது. 'ஏறிக்கோ' வரும் இடத்தில், ம என்று எழுதியிருந்த கட்டை கோணலாகக் கத்தியது. பிள்ளை நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள். மறுபடியும் அதே இடம். உதடு பிதுங்கியது.

"பாருங்க" என்றாள் செவந்தி கைப்பேசியிடம். "மூணு மாசம் ஒங்க தங்கச்சி சொல்லிக்கொடுத்த லட்சணம்."

சுகுணாவுக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. ச என்ற லேபிள் ரெட்டை வீட்டுக்குப் பதிலாக மூணு வீட்டுக்கு இடது பக்கம் ஒட்டியிருந்தது. அங்கே தொடங்கினால் மூன்று சுரம் ஒழுங்காக வந்து, நாலாவது சுருதி தப்பும். செவந்தி ஒட்டியதே தப்பு. அதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அண்ணன் சிரிப்பான். எட்டு வருசத்துக்கு முன்னால் சிரித்த அதே சிரிப்பு.

அவள் பார்வை லேபிளில் நிற்பதைச் செவந்தி கவனித்துவிட்டாள். என்ன தப்பென்று தெரியாமலே, முந்தானை நுனியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அந்த வாக்கியத்துக்காகக் காத்து நின்றாள்.

சுகுணா தன் துப்பட்டாவை எடுத்து வைஷ்ணவியின் கண்ணைக் கட்டினாள்.

"பாப்பா, கண்ணாமூச்சி. ரெட்டை வீடு எங்க இருக்கு?"

சின்ன விரல்கள் கறுப்பைத் தடவின. மூன்று. இல்லை. நகர்ந்தன. இரண்டு. "இங்க இருக்கு அத்தை."

"எடது பக்கம் யாரு?"

"ச!"

"பஸ்ஸ எடு."

பஸ் கிளம்பியது. ஏறிக்கோ வந்தது, கோணாமல் வந்தது. வைஷ்ணவி உட்கார்ந்தபடியே ஒற்றைக் காலை ஆட்டிக்கொண்டு கடைசிவரை வாசித்தாள்.

பிரசாந்த் கைதட்டினான். "அப்பறம் எதுக்கு மொதல்ல தடுமாறுச்சு?"

செவந்தி சுகுணாவைப் பார்த்தாள்.

"கண்ணத் தொறந்து வச்சிருந்துச்சுல்ல, அதான் அண்ணே" என்றாள் சுகுணா. "வேடிக்கை பாத்திருக்கும்."

அழைப்பு முடிந்தது. செவந்தி பியானோ முன்னால் குனிந்து லேபிள்களை நகத்தால் சுரண்டினாள். ஒன்று வரமாட்டேன் என்றது. சுகுணா கை நீட்டினாள்.

"நான் ஒட்டுனது, நானே எடுத்துக்கிறேன்."

சுகுணா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கினாள்.

"வெள்ளிக்கெழம வாசல்ல கரி ஆகாது" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அதில் கொஞ்சமும் கனிவில்லை. "பின்னாடி துணி தொவைக்கிற எடம் சும்மாதான் கெடக்கு. அங்கிட்டு வரைஞ்சுக்க சுகுணா."

எட்டு வருசத்தில் அவள் பெயரை அந்த வாய் சொன்னதில்லை.

"சரி அண்ணி."

"காப்பி கீப்பின்னு எதிர்பாக்காத. நேரத்துக்கு வா."