ராஜவேலின் வாயும் ஒரு கிண்ணம் தயிரும்

1
பெண் பார்க்கப் போன அன்று ஆண்டிமடத்து வீட்டில் இருந்தவர்கள்: மாப்பிள்ளை ராஜவேல், அவன் அக்கா தனம், பெண் ஹேமலதா, அவள் அப்பா வைத்திலிங்கம், நான். ராஜவேலும் நானும் அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் இரவுப் பணி. படிப்பைப் பாதியில் விட்ட நான் கதை எழுதுகிறேன் என்று தெரிந்ததும் தனம், "இதையும் எழுதித் தொலை தம்பி" என்றாள். இந்தக் கதை பிறந்தது அப்படித்தான். வருடம் 2003.

2
முதல் தொடக்கம்: ராஜவேலின் ஆழ்ந்த சோகம் அவன் ஈறுகளில்

(வேண்டாம். அது சோகம் இல்லை, நாற்றம்.)

சரி, நேராகவே சொல்கிறேன். முன்பு பார்த்த பெண் இவன் வாயைத் திறந்ததும் எழுந்து போய்விட்டாள். அதிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுவான். இந்த இடமும் தட்டிப்போனால் இனிப் பெண் பார்க்க வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

பெரம்பலூர்ப் பல் டாக்டர் லீலாவதி சொன்னார்: "ஈறு வீங்கியிருக்கு. பல்லுல படிஞ்ச காறையச் சுரண்டிச் சுத்தம் பண்ணணும். சர்க்கரை போடாத தயிர் சாப்பிடுங்க, வாடை கொஞ்சம் குறையலாம். தயிரு மட்டும் போதாது."*

ராஜவேல் சுரண்டும் கருவியைப் பார்த்தான். அதன்பின் அவன் காதில் விழுந்தது தயிர் மட்டும்தான்.

* தயிரிலுள்ள நல்ல கிருமிகள் வாயிலுள்ள கெட்ட கிருமிகளை அடக்கக்கூடும் என்கிறார்கள். உறுதியாகச் சொல்ல ஆராய்ச்சி போதவில்லை. பல் தேய்ப்பதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

3
பெண் வீட்டு முந்திரி மரத்தடியில் ராஜவேலும் ஹேமலதாவும் பேசினார்கள். ராஜவேல் துணிந்து வாயிலிருந்து கையை எடுத்தான். ஹேமலதா ஓரடி பின்னால் போனாள்.

"என்ன சாப்ட்டு வந்தீங்க?"

"தயிர்ச்சோறு. வாய்க்கு நல்லதாம், டாக்டர் சொன்னாங்க."

"தொட்டுக்க?"

"வெங்காயந்தான்."

"பச்சையாவா?"

"பின்ன?"

சின்ன வெங்காயம் விளைகிற ஊர்க்காரர்கள் நாங்கள். தயிர்ச்சோற்றோடு அதைக் கடிப்பதைச் சாப்பிடுவதாகவே கணக்கில் எடுப்பதில்லை. மூன்று வேளையும் தனம் உரித்து வைத்தாள். கூடவே உட்கார்ந்து நானும் கடித்தேன். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

ஹேமலதா சிரித்த சிரிப்பில் வைத்திலிங்கம் வாசலுக்கு ஓடிவந்தார்.

"டாக்டர் வேற என்ன சொன்னாங்க?" என்று ஹேமலதா கேட்டாள்.

"சுத்தம் பண்ணணும்னாங்க. பயமாருக்குங்க."

"ராத்திரி பூரா சூளைகிட்ட நிக்கிறீங்க, பல்லுக்குப் பயமா? போய்ப் பண்ணிட்டு வாங்க. அப்பறந்தான் பதில்."

4
முடிவு ஒன்று: அவள் சம்மதித்தாள். (அவசரம்.)

முடிவு இரண்டு: அவள் மறுத்துவிட, ராஜவேல்

(மறுக்கிறவள் எதற்கு அப்படிச் சிரிக்கிறாள்?)

அவள் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் பார்த்தது இவ்வளவுதான். மறுநாள் லீலாவதியின் அறை வாசலில், நாற்காலியைக் கண்டதும் ராஜவேல் திரும்பினான்.

"அக்கா, வெங்காயத்த வுட்டுர்றேன்க்கா. தயிரே போதும்க்கா!"

"உள்ள போடா."

தனம் அவனைத் தள்ளிக் கதவைச் சாத்தினாள். "டாக்டரம்மா, முடிஞ்சதும் தட்டுங்க, தெறக்கிறேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, வெளியிலிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.