கத்தரித்த முனை

மீட்டர்காரருக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. பகலெல்லாம் வீடு வீடாக ஏறி மின்கணக்கு எடுப்பவர், வேலை முடிந்ததும் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி நடக்கக் கிளம்பிவிடுவார். போகிற வழியெல்லாம் ஜிபிஎஸ் கோடாகப் பதிவாகும். அதை வைத்து, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தும் வரைபடத்தில் ஊரின் சந்து பொந்தெல்லாம் வரைவார். சம்பளமில்லாத வேலைக்கு இத்தனை அக்கறையா என்று மருந்துக்கடை நடத்தும் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். பிறகு அவளே பக்கத்தில் உட்கார்ந்து கடைப் பெயர்களைத் திருத்துவாள்.

ஒருமுறை அவருடைய கோடுகளைப் பார்த்தே வீட்டைக் கண்டுபிடித்து ஒருவன் வாசலில் வந்து நின்றான். என் தோட்டத்து வழியை ஊருக்குக் காட்ட நீ யார் என்று சண்டை. அவன் போனதும் மனைவி கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். உடனே போனைப் பிடுங்கி, பழையதும் புதியதுமாக ஒவ்வொரு நடையிலும் முதல் அரை கிலோமீட்டரும் கடைசி அரை கிலோமீட்டரும் தானாக அழியும்படி மாற்றி வைத்தாள். வரைபடக்காரர்கள் பலர் செய்கிற காரியந்தான். நம் வாசல் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றாள். அவர் முணுமுணுத்தார், பிறகு மறந்தே போனார். அவளும் மறந்தாள்.

ஒருநாள் மாலை நடக்கப் போனவர் திரும்பவில்லை. கூப்பிட்டால் அவர் போன் அணைந்திருந்தது. ஆனால் அந்த நடை மட்டும் வரைபடத்தில் ஏறியிருந்தது. வெகுநேரம் நகராமல் இருந்தால் செயலி தானே முடித்து ஏற்றிவிடும். கோடு சந்தையைச் சுற்றி வந்து, கைவிடப்பட்ட கல்குவாரியின் ஓரத்தில் நின்றது. குவாரி நிறையத் தண்ணீர். பார்த்ததும் அவள் போலீசுக்குப் போன் போட்டாள்.

போலீஸ் வந்தது, முங்கித் தேடுகிறவர்கள் வந்தார்கள். எங்கே தேடுவது என்று கேட்டதற்கு, அவளே போனை நீட்டிச் சொன்னாள்.

"கோடு எங்க நிக்குதோ, அங்கதாங்க இருக்காரு."

கொழுந்தனுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "கரையில வழுக்கின தடமே இல்லையே அண்ணி. வீட்டுப் பக்கமும் ஒரு தடவ பாத்துடலாமா?"

"வீட்டுப் பக்கம் இருந்தா வீட்டுக்கு வந்திருக்க மாட்டாரா?" என்று எரிந்து விழுந்தாள். மறுநாளும் குவாரியையே கலக்கினார்கள்.

அதற்கும் அடுத்த நாள் மதியம், வழக்கமாக எங்கெல்லாம் போவார் என்று பார்க்க, அவருடைய பழைய நடைகள் அத்தனையையும் கொழுந்தன் திரையில் ஒன்றாகப் போட்டான். ஊர் முழுக்கக் கோடுகள் மொய்த்தன. நடுவில் மட்டும் வெள்ளையாக ஒரு வட்டம்.

"இங்க மட்டும் அண்ணன் நடந்ததே இல்லையா?"

வட்டத்தின் நடுவில் இருந்தது அவர்கள் வீடு. குவாரியோடு நின்றது அவள் கத்தரித்த கோடுதான், அவர் இல்லை. செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

வீட்டிலிருந்து இரண்டாவது சந்தில், ஆள் புழங்காத ஓரமாக, கழிவுநீர்க் குழாய்க்குத் தோண்டிவிட்டு, வேலையை நிறுத்திப் போட்டிருந்த பள்ளம். மேலே போட்ட பலகை ஒன்று உள்ளே சரிந்திருந்தது. கால் ஒடிந்து, சேற்றில் சாய்ந்து கிடந்தார். கைக்கு எட்டாத தூரத்தில் போன் சேற்றில் புதைந்திருந்தது. உடம்பில் இன்னும் லேசாகச் சூடு இருந்தது. காலை வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். காதில் விழுந்தும், அவள் மறுபடி கேட்டாள். அவர் மறுபடியும் அதையேதான் சொன்னார்.

உறவெல்லாம் கலைந்து போன பிறகு, ஒரு மாலையில் அவள் தன் போனில் அவருடைய கணக்கைத் திறந்து, அந்தக் கத்தரிப்பை எடுத்துவிட்டு, வீட்டு வாசலிலிருந்து நடந்தாள். பள்ளத்தின் ஓரம் வந்ததும் நின்று, பதிவை முடித்தாள்.

இந்த நடை மிகவும் சிறியது, அழித்துவிடலாமா என்று செயலி கேட்டது.

கண்ணீரில் எழுத்து மங்கியது. துடைத்துக்கொண்டு, வேண்டாம் என்பதை அழுத்தினாள்.