காப்புக் கட்டிய டிரைவர்

திருப்பத்தூரிலிருந்து புதூர்நாடு போக எனக்குத் தோதான பஸ் ஒன்றே ஒன்றுதான். காலை எட்டு மணிக்கு மலையேறும், மாலை மூன்றரைக்கு இறங்கும். அதை விட்டால் பலாப்பழம் ஏற்றுகிற ஜீப்பில் பழத்தோடு பழமாக உட்கார்ந்து வர வேண்டும். நான்கு வருடம் அந்த பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், கட்டின புருஷனோடு போட்ட சண்டையைவிட அந்த பஸ் டிரைவர் அருணகிரியோடு போட்ட சண்டைதான் எனக்கு அதிகம். வளைவில் ஹாரன் அடித்துக் காதைக் கிழிக்கிறீர்களே என்று ஒரு நாள், ஹாரன் அடிக்காமல் திருப்புகிறீர்களே என்று மறுநாள். வழியில் ஆட்டு மந்தை குறுக்கே வந்து அரை மணி தாமதமானால்கூட அவர்மேல்தான் எரிந்து விழுவேன். ஏனென்றால் ஆபீசில் மேனேஜர் பத்து அடித்ததும் வருகைப் பதிவேட்டை இழுத்துச் சிவப்பு மையில் கோடு போட்டுவிடுவார். அந்தக் கோட்டை ஆடு வாங்கிக்கொள்ளாது.

எங்கள் ஆபீஸ் மலை மக்களிடமிருந்து புளியும் தேனும் கடுக்காயும் கொள்முதல் செய்கிற கூட்டுறவுச் சங்கம். மேனேஜர், நான், ஒரு வாட்ச்மேன், ஒரு தராசு, அவ்வளவுதான். என் பெயர் சாந்தம்மாள். ஊருக்கு நான் கிளார்க்கம்மா.

எண்பத்திரண்டாம் வருடம், மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. அன்று காலை எட்டு மணி பஸ்ஸில் ஏறும்போதே எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று மாலை ஏழு பத்துக்கு ஜோலார்பேட்டையில் திருவனந்தபுரம் போகிற ரயில். அதைப் பிடித்தால் மறுநாள் கன்னியாகுமரி. எனக்கு முப்பத்தாறு வயது, அதுவரை கடலைப் பார்த்ததில்லை. என் இரண்டு பெண்களும் பார்த்ததில்லை. என் கணவர் கோபால்சாமி ஒன்றரை மாதத்துக்கு முன்னால் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி, அதை சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். லீவு மறுநாளிலிருந்துதான் கிடைத்தது. மாத அறிக்கை முடியாமல் ஒரு நாள்கூட முன்னால் தர முடியாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அதனால் என் கணவர் பெண்களையும் மூட்டை முடிச்சுகளையும் கூட்டிக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்கு வந்துவிடுவது, நான் மலையிலிருந்து இறங்கி அங்கே போய்ச் சேர்ந்துகொள்வது என்று ஏற்பாடு. நான் வராவிட்டால் யாரும் ஏறுவதில்லை என்றும் பேசி வைத்திருந்தோம். அப்படி நடந்தால் அடுத்த கோடை லீவு வரை கடல் கிடையாது.

இந்தக் கதையை நான் ஒரு மாதமாக ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். எனக்கு மத்தியானம் சாமைச் சோறு போடுகிற செல்லியம்மாளுக்கு தினமும் சொன்னேன். கடல் எவ்வளவு பெரிசு இருக்கும் என்று அவர் கேட்க, நானும் பார்த்தது போலவே கையை விரித்துக் காட்டுவேன்.

அன்றைக்கு ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. மேனேஜர் வெயிலில் நிற்க மாட்டேன் என்று ஆபீசிலேயே இருந்துகொண்டார். நான் பன்னிரண்டு மணிக்கு அறிக்கையை முடித்து அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு, கோயிலுக்குப் போனேன். பூசாரி சடையன் மஞ்சள் துண்டு கோத்த கயிற்றை ஒவ்வொருவர் கையிலும் கட்டிக்கொண்டு வந்தார். ஊர்க்காரர்களுக்கு மட்டுமில்லை. அரக்கோணத்திலிருந்து வந்த போஸ்ட்மேனுக்குக் கட்டினார். படவேட்டுக்காரரான டிரைவர் அருணகிரிக்குக் கட்டினார். எனக்கும் ஆசை வந்துவிட்டது. வளையலை மேலே தள்ளிக்கொண்டு கையை நீட்டினேன்.

பூசாரி என் கையைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற செல்லியம்மாளைப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி அடுத்த கைக்குப் போய்விட்டார்.

நீட்டிய கையை என்ன செய்வது? வளையலைச் சரி செய்வது போல நடித்தேன். உள்ளே எனக்கு அழுகை முட்டியது. நான்கு வருடமாக இந்த ஊருக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன், கடிதம் படித்துக் காட்டுகிறேன், இவர்கள் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க என் சொந்தப் பேனாவில் விண்ணப்பம் நிரப்புகிறேன். வளைவில் ஹாரன் அடிக்கத் தெரியாத மனுஷனுக்குக் காப்பு, எனக்கு இல்லை. அன்று செல்லியம்மாள் வைத்த சோற்றில் பாதியை மிச்சம் வைத்துவிட்டு, வயிறு சரியில்லை என்று சொல்லி எழுந்துவிட்டேன். போகட்டும், எனக்குக் கடல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றேகாலுக்கெல்லாம் பையோடு பஸ்ஸில் ஏறி எனது வழக்கமான ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். கீழ்நாட்டுக்காரர்கள் ஒரு இருபது பேர் இருந்தார்கள். மூன்றரை ஆனது. மூன்றே முக்கால் ஆனது. கண்டக்டர் இக்பால் விசிலை வாயில் வைத்தபடி புளிய மரத்தடிக்கும் பஸ்ஸுக்கும் நடந்துகொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால், அருணகிரி மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா இக்பால், இன்னிக்கி பஸ் போவுமா போவாதா?" என்று கேட்டேன்.

இக்பால் ஜன்னலருகே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அக்கா, டிரைவரு கையில காப்பு கட்டிட்டாங்க. காப்பு கட்டினவங்க எட்டு நாளு ராத்திரில ஊரு எல்லைய வுட்டு வெளிய தங்கக்கூடாதாம். கீழ போனா வண்டி டெப்போவுல தான் நிக்கும், ராத்திரி திரும்பி வர வழி இல்ல. அவுரு வர மாட்டேன்றாரு."

காப்புக் கட்டு என்று அன்றைக்குப் பலாப்பழ ஜீப் ஒன்றும் மேலே வரவில்லை. வேறு வண்டி கிடையாது. பையை சீட்டிலேயே போட்டுவிட்டு இறங்கி மரத்தடிக்கு ஓடினேன். அங்கே ஊரே கூடியிருந்தது. நான் போட்ட கூச்சலை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சம்பளம் வாங்குவது பஸ் ஓட்டவா, கயிறு கட்டிக்கொள்ளவா என்று கேட்டேன். ஒரு கத்தரிக்கோல் இருந்தால் அரை நிமிஷ வேலை என்றேன்.

அருணகிரி கோபப்படவில்லை. கையைத் திருப்பித் திருப்பி அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருடமாக இந்த ரூட்டில் ஓட்டுவதாகவும், அதுவரை யாரும் அவரைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை என்றும் சொன்னார்.

"இன்னிக்கி தாங்க கைய நீட்டு அருணகிரின்னாங்க. அத எப்டிங்க நானே அறுக்கறது?"

அந்தக் கயிறு என்ன என்று அந்தக் கூட்டத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? மத்தியானத்திலிருந்து அடக்கி வைத்திருந்தது வெடித்துக்கொண்டு வந்தது.

"உங்களுக்காவது கட்டினாங்க. என்னைத் தாண்டிப் போயிட்டாங்க இல்ல?" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்லியம்மாள் வந்தார். என் முகத்தைப் பார்த்தார். பாதிச் சோறு ஏன் மிச்சமானது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"உனுக்கு கட்ட வேணான்னு நான் தாம்மா பூசாரிகிட்ட சொன்னேன். கட்டிட்டா எட்டு நாளு இங்கயே கெடக்கணும். அப்பறம் நீ எப்டி கடலு பாப்ப?"

ஒரு மாதமாக நான் கையை விரித்து விரித்துக் காட்டிய கடலை அந்த அம்மாள் இப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"செல்லியக்கா, எனக்குக் கட்டலை சரி. பஸ் ஓட்டறவருக்குக் கட்டிட்டீங்களே. பஸ் தானாவா போகும்?"

செல்லியம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டார். பூசாரி தலையைச் சொறிந்தார். ஊருக்கு வந்து போகிற எல்லார் மேலும் அன்பு பெருகி வரிசையாகக் கட்டியவர்கள், அன்றைக்குப் போயே ஆக வேண்டிய ஒருத்தியை மட்டும் நினைவாக விட்டுவிட்டு, அவளைக் கொண்டுபோக வேண்டியவரை மறந்துவிட்டார்கள். இக்பாலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வேண்டுமானால் தானே ஓட்டிப் பார்ப்பதாகச் சொன்னார். அவருக்கு சைக்கிள்கூட நேராக ஓட்ட வராது என்பது பஸ்ஸில் எல்லாருக்கும் தெரியும்.

மணி நாலு தாண்டிவிட்டது. ஏழு பத்து, ஏழு பத்து என்று என் மனது அடித்துக்கொண்டது. செல்லியம்மாள்தான் திடீரென்று பூசாரியின் கையைப் பிடித்தார். எல்லை என்றால் என்ன, கல்லா மண்ணா என்று கேட்டார். மண்தான் என்றார் பூசாரி. அப்படியானால் எல்லை மண்ணை அள்ளி பஸ்ஸில் வைத்துவிட்டால், டிரைவர் எட்டு ராத்திரியும் அந்த பஸ்ஸிலேயே படுத்துக்கொண்டால், அவர் ஊருக்குள் இருந்த கணக்குத்தானே என்றார்.

ஊர் முழுக்க ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது. ஆகும் என்று பாதி, ஆகாது என்று பாதி. அருணகிரி எழுந்து நின்றுவிட்டார். டெப்போவில் கொசு பிடுங்கினாலும் பஸ்ஸிலேயே படுத்துக்கொள்வதாகச் சொன்னார். கடைசியில் அம்மனையே கேட்டுவிடுவது என்று முடிவானது. அம்மன் தலையில் பூ வைப்பார்கள். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் இல்லை.

பூசாரி செவ்வரளிப் பூவை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பூ விழவில்லை. கற்பூரம் எரிந்து முடிந்தது, இன்னொன்று ஏற்றினார்கள், அப்போதும் விழவில்லை. நான் சாமியிடம் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்றைக்குப் பேசினேன். தாயே, வலமோ இடமோ சீக்கிரம் சொல், எனக்கு ரயில் இருக்கிறது என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். நாலு முப்பத்தைந்துக்குப் பூ வலப்பக்கம் விழுந்தது.

அப்புறம் எல்லாம் ஓட்டந்தான். பஸ் எல்லைக் கல் வரை போய் நின்றது, ஊரும் பின்னாலேயே வந்தது. பூசாரி குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளிப் புதுக் கூடையில் போட்டார். அது வழியில் கீழே படக்கூடாது, யாராவது மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும் என்றார். ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லார் கையிலும் காப்பு. பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு உப்பு வியாபாரி, தான் வைத்துக்கொள்வதாகக் கையை நீட்டினார்.

"ஊரு மண்ண வெளியாளு கையில குடுக்கக் கூடாதுங்க," என்றார் பூசாரி. நேரே என் ஜன்னலுக்கு வந்தார். கூடையை என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். கூடையைச் சாயாமல் பிடிக்கிற அவசரத்தில் செல்லியம்மாளிடம் போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் வெறும் மணிக்கட்டை ஒரு தரம் பிடித்துவிட்டு விட்டார். பஸ் கிளம்பும்போது நாலே முக்கால்.

அருணகிரி அன்றைக்கு ஓட்டினார் பாருங்கள், அப்படி ஒரு ஓட்டு நான் கண்டதில்லை. எல்லா வளைவிலும் ஹாரன் அடித்தார், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தேன். இக்பால் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு ஆடுகளையும் மாடுகளையும் உருதுவில் திட்டி விரட்டினார். இருபது பயணிகளும் என் ரயிலைத் தங்கள் ரயிலாக எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்க வேண்டியவர்கள் முன்கூட்டியே படிக்கு வந்து, பஸ் நிற்பதற்குள் குதித்தார்கள். உப்பு வியாபாரி வெளியாள் என்ற வருத்தத்தை மறந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மணி சொன்னார்.

ஆறரைக்குத் திருப்பத்தூர் ஸ்டாண்டு. அருணகிரி சீட்டுக்குப் பக்கத்தில் கூடையை வைத்தேன். வைப்பதற்கு முன்னால் என்ன தோன்றியதோ, ஒரு பிடி மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். அவர் பார்த்துவிட்டார். அதற்குள் இக்பால், கிளம்பிக்கொண்டிருந்த ஜோலார்பேட்டை டவுன் பஸ்ஸுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டார்.

ஸ்டேஷனுக்குள் ஓடும்போது ரயில் நின்றுகொண்டிருந்தது. என் கணவர் ஒரு காலைப் படியிலும் ஒரு காலைப் பிளாட்பாரத்திலும் வைத்துக்கொண்டு, பாதி ஏறியும் பாதி இறங்கியும் இருந்தார். பெண்கள் ஜன்னலில் கத்தினார்கள். அவர் என் பையைப் பிடுங்கி உள்ளே எறிந்தார், பிறகு என்னை இழுத்தார். வண்டி நகர்ந்தது.

மூச்சு வாங்க உட்கார்ந்தேன். பெண்கள் இருவரும் என்மேல் விழுந்தார்கள். கடலில் அலை எத்தனை மணிக்கு வரும் என்று சின்னவள் கேட்டாள். என் கணவர் என் சேலையைப் பார்த்தார். மடியெல்லாம் செம்மண்.

"இன்னா இது, எங்கியாவது விழுந்துட்டியா?" என்று சொல்லிக்கொண்டே தட்டிவிடக் கையை நீட்டினார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தட்டாதீங்க. எங்க ஊர்ல இன்னைக்கிக் காப்பு கட்டியிருக்காங்க. எட்டு நாளைக்கு எல்லையை விட்டுப் போகக் கூடாது."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்த ஊர் என்று கேட்டார். நான் முந்தானை முடிச்சை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.