மூன்றாம் மாடியின் முறைத் தண்ணீர்

வெள்ளானூர் ஏரிக்குப் பின்தெருவில், மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்த கிருபாகரனின் வீட்டுக்குள், போன கார்த்திகை மாதம், ஏரித் தண்ணீர் வந்து முழங்கால் அளவுக்கு நின்றது. அன்று மழை இல்லை. கீழ்வீட்டுக் கூரையில் ஈரமும் இல்லை. வாசற்கதவைத் திறந்தால் தண்ணீர் வெளியே கொட்டவில்லை. நிலைப்படியில் கண்ணாடி வைத்ததுபோல் நேராக நின்றது. உள்ளே இரண்டு கெளுத்தி மீன்கள் கட்டில் காலைச் சுற்றிக்கொண்டிருந்தன. அவன் பக்கெட்டில் மொண்டு பால்கனியிலிருந்து ஊற்றிப் பார்த்தான். ஊற்றிய அளவு உள்ளே மறுபடி ஏறியது. இதை எப்படி வெளியேற்றுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

பிளம்பர் கோபி வந்து நிலைப்படித் தண்ணீரில் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். "பைப்பு ஒழுகினா அடச்சிடலாம் சார். ஏரியே ஊட்டுக்குள்ள வந்துகினு கீது, நான் இன்னா பண்றது?" என்று சொல்லிவிட்டு, ஒரு மீனைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வீட்டு உரிமையாளர் போனில், மாதக் கடைசிக்குள் தண்ணீர் போக வேண்டும், இல்லாவிட்டால் நீ போக வேண்டும் என்றார்.

சிவகாசியிலிருந்து அம்பத்தூருக்கு ஐடி வேலைக்கு வந்த பிறகு கிருபாகரன் பல வீடுகளைக் காலி செய்திருக்கிறான். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்டதில்லை. இந்த வீட்டை விட மட்டும் அவனுக்கு மனமில்லை. காரணம் ஏரி. ஞாயிறு மாலைகளில் கரைமேல் நடப்பான். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூழைக்கடாக்கள் வந்து அடையும். பனைகளுக்குப் பின்னால் வெயில் இறங்கும். குடியிருப்புகளிலிருந்து வந்தவர்கள் குடும்பமாகப் படம் எடுத்துக்கொள்வார்கள். அவன் பார்த்துவிட்டுத் திரும்புவான்.

அடுத்த ஞாயிறும் போனான். மதகடியில் ஏரிமீன் வறுத்து விற்கும் உள்ளூர்க்காரி அஞ்சலையிடம் நடந்ததைச் சொன்னான். அவனிடம் வழக்கமாகப் பேசுகிற ஒரே ஆள் அவள்தான். சென்ற முறை அவள், எல்லா வாடிக்கைக்காரர்களிடமும் கேட்பதுபோல, "உங்க பக்கம் தண்ணிலாம் வருதா நைனா?" என்று கேட்டிருந்தாள். மதகுக் கல்லின்மேல் நின்று மீன் தின்றுகொண்டிருந்த அவன், "பின்தெரு, மூணாவது மாடி. எங்க வீட்டுக்குத் தண்ணியே வரல" என்று சொல்லியிருந்தான். அந்த மாதத்தில் அவன் தன்னைப் பற்றி இன்னொருவரிடம் சொன்னது அது ஒன்றுதான்.

அஞ்சலை கரண்டியோடு சிரித்தாள். "கல்லு மேல நின்னுகினா சொன்னே? அந்தக் காலத்துல தண்ணி கெடைக்காதவன் அங்கதான் ஏறி நின்னு எடத்தச் சொல்லிக் கேப்பானாம். நீ கேட்டுட்டே, ஏரியம்மா குட்த்துட்டா."

ஏரிப் பாசனம் நடக்கிற விதம் தெரிந்தால் இதில் வியக்க ஒன்றும் இல்லை. வாய்க்கால் எல்லா வயலுக்கும் போகாது. முதல் வயல் நிறைந்ததும் அதன் வரப்பை வெட்டி இரண்டாவதற்கு விட வேண்டும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. வெட்டுமுன் அடுத்த வயல்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இங்கே வழக்கம். வாங்கிக்கொள்ள ஆள் நிற்காவிட்டால் தண்ணீர் வீணாகும். தலைமுறைகளாக அப்படியே பழகிய தண்ணீர், கூப்பிடாமல் நகராது. வயல்கள் மனைகளாகி, மனைகள் மாடிகளானதை அதனிடம் யாரும் சொல்லவில்லை.

மதகுக்குக் கீழே சித்திரையிலும் வற்றாத குட்டை ஒன்று உண்டு. பெயர் வரதன் பள்ளம். வரதன் பக்கத்து வயல்காரரோடு பேச்சை விட்டவர். பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வராமல் தண்ணீரைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டார். பயிர் அழுகியது, பிறகு அவரும் போய்ச் சேர்ந்தார். அந்தப் பக்கத்து வயல்காரரின் பெயர் இன்று ஊரில் யாருக்கும் தெரியாது. ஆகவே தண்ணீர் அங்கேயே நிற்கிறது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "சும்மா கதைதான் நைனா," என்றாள் அஞ்சலை. கிருபாகரன் குட்டையைப் பார்த்தான். கையில் இருந்த மீனைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

எதிர்வீட்டில் குக்கர் எத்தனை விசில் அடிக்கும், செய்தி எந்தச் சானலில் ஓடும் என்பது அவனுக்குத் தெரியும். அங்கிருப்பவரின் பெயர் தெரியாது. அவர் லிஃப்டில் இறங்கும்வரை கதவுக்குப் பின்னால் காத்திருந்து வெளியே வருவது அவன் பழக்கம். எதிர்க்கதவுக்குப் பின்னால் அவரும் அப்படித்தான் காத்திருப்பார். அன்று தட்டினான். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் திறந்தார்.

"சார், உங்க பேரு?"

"எதுக்கு?"

"தண்ணிய உங்க வீட்டுக்கு விடணும்."

அவர் அவன் தோளுக்கு மேலாக எட்டி, நிலைப்படியில் நிமிர்ந்து நின்ற தண்ணீரைப் பார்த்தார். "ரெண்டு வருஷமா எதிர் எதிரே இருக்கோம். பேரு கேக்க முழங்கால் தண்ணி வரவேண்டியிருக்கு. ஜம்புலிங்கம்."

"ஜம்புலிங்கம் சார், உங்க முறை."

தண்ணீர் நிலைப்படியைத் தாண்டியது. நடைபாதையில் கிடந்த செருப்புகளை நனைக்காமல் எதிர்வீட்டுக்குள் போனது. கடைசியாக மீன் போனது. ஜம்புலிங்கம் முழங்கால் தண்ணீரில் நின்றபடி, "எனக்கப்புறம் யாரு?" என்று கேட்டார். கிருபாகரனுக்குத் தெரியவில்லை. இருவரும் கேட்டுவரக் கீழே இறங்கினார்கள்.

மாதக் கடைசியில் வந்த உரிமையாளர் காய்ந்த தரையைப் பார்த்துவிட்டுப் போனார். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் இருவரும் பழையபடி லிஃப்ட் இறங்கும்வரை கதவுக்குப் பின்னால் காத்திருக்கிறார்கள். ஞாயிறுதோறும் தண்ணீர் வருகிறது. வந்ததும் செடிக்கு ஊற்றி, தரையைக் கழுவிக்கொண்டு, எதிர்க்கதவைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் போய்விடும்.