மாடியில் ஓடிய கல்யாணம்

ரூபினிக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை. காலையிலிருந்து கல்யாண ஆல்பம் போட்டுப் போட்டு இடுப்பு விட்டுப்போயிருந்தது. இந்த நேரம் பார்த்துப் புருஷன் விக்கி வந்து நின்று, "உனக்கு ஹெல்ப் பண்ணலாம்னுதான்..." என்று இழுக்கிறான்.

செய்த உதவியின் லட்சணத்தைக் கேளுங்கள். அந்த ஈஜிபுரா வீட்டில் முன்னறைக் கம்ப்யூட்டர் அவளுடையது, பின்னறையில் இருப்பது அவனுடையது. அவன் போட்டோ எடுப்பான், அவள் ஆல்பம் போடுவாள். படங்கள் எல்லாம் அவள் கம்ப்யூட்டரில் ஒரே ஃபோல்டரில் இருக்கும். வைஃபை வழியாக அதையே அவனும் தன் திரையில் திறந்துகொள்வான். மகராசன், தன் திரையில் தெரிவது தனி நகல் என்று நினைத்துவிட்டான்! அவளிடம் ஒன்று இருக்கும்போது நமக்கு எதற்கு இன்னொன்று என்று மல்லேஸ்வரம் கல்யாணத்தை முழுசாக அழித்து, அதே இடத்தில் ஓசூர் கல்யாணத்தை ஏற்றியும் விட்டான். அப்படி வைஃபை வழியாக அழித்தது கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாது. கேமரா கார்டையும் ஓசூருக்காக ஏற்கெனவே துடைத்தாயிற்று. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதை.

வேறு கல்யாணமாக இருந்தால் காலில் விழுந்தாவது சமாளிக்கலாம். இந்த மல்லேஸ்வரத்துப் பெண்ணின் அப்பா கல்யாணம் முடிந்த மறுவாரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய கடைசிப் படங்களும், அச்சுக்குப் போகாத ஆல்பமும் இதில்தான் இருந்தன. நாளைக்கு அந்தப் பெண்ணே ஆல்பத்தைச் சரிபார்க்க வருகிறாள்.

சட்டென்று மாடிவீட்டு அம்புஜத்தின் ஞாபகம் வந்தது. வைஃபை அவருடையது, பில் மட்டும் ஆளுக்குப் பாதி. ஃபோல்டருக்குப் பூட்டு போடாததால், தனியாக இருக்கும் அந்த அம்மா மேலே உட்கார்ந்து ஊரார் கல்யாணத்தை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். போன வாரம் படிக்கட்டில் அவரே வந்து, "அந்த மல்லேஸ்வரத்துப் பொண்ணு கட்டியிருந்த மாம்பழக் கலர் புடவை எந்தக் கடைம்மா?" என்று கேட்டு மாட்டிக்கொண்டார். "நீ ஆஃப் பண்ணிட்டா கல்யாணம் பாதியில நின்னுடுது. அதான் காப்பி பண்ணி வெச்சுப் பாக்குறேன்" என்று வெள்ளந்தியாக வேறு சொன்னார்.

"அடுத்தவங்க வீட்டுக் கல்யாணத்த எட்டிப் பாக்க வெக்கமா இல்லையா ஆன்ட்டி?" என்று அன்றைக்கு ரூபினி முகத்தில் அடித்தாற்போல் கேட்டிருந்தாள்.

இப்போது மூச்சிரைக்க மாடியேறிக் கதவைத் தட்டினாள்.

"ஆன்ட்டி, அந்த மல்லேஸ்வரம் கல்யாணம் உங்ககிட்ட இருக்கு இல்ல?"

அம்புஜத்தின் முகம் வெளுத்தது. "சத்தியமா இல்லம்மா! நீ சொன்ன அன்னிக்கே எல்லாத்தையும் அழிச்சுட்டேன். வேணும்னா உள்ள வந்து பாரு."

ரூபினி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அம்புஜம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைக் கேட்டார்.

"அய்யய்யோ, அந்த அப்பாவா போயிட்டாரு? தாலி கட்டும்போது எல்லாரும் மேடையில நெருக்குறாங்க, அவரு மட்டும் ஓரமா நின்னு துண்டால கண்ணத் தொடச்சுக்கிட்டே சிரிக்கிறாரே. பொண்ணு திரும்பி அவரத்தான் பாத்துச்சு. மாப்பிள்ளையக்கூடப் பாக்கல."

ரூபினி யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அந்தப் படங்களை வாரக்கணக்கில் வைத்துக்கொண்டு மாரடித்தவள்தான். வெளிச்சம் கூடவா குறைவா என்பதைத் தவிர அவள் எதையும் பார்த்திருக்கவில்லை.

"நாளைக்கு அந்தப் பொண்ணு வரும்போது கீழ வாங்க ஆன்ட்டி," என்றாள். "அந்தக் கல்யாணத்தப் பாத்தது நீங்க ஒருத்தர்தான்."