போக ஆறில்லாத கெண்டை

வேலூர்க் கல்லூரி ஒன்றின் விலங்கியல் துறையில் வளர்ப்புத் தொட்டிகள் ஓரினத்துக்கு மட்டுமே போதுமானவை. அவற்றில் அப்போது இருந்தவை செவ்வரிக் கெண்டைகள். பாலாற்றின் கடைசி மடுவிலிருந்து பிரிசில்லா பிடித்து வந்தவை. வேறெங்கும் அவ்வினம் இல்லை. ஆலங்காயத்து ஓடைத் தவளைக்கும் அத்தொட்டிகள் வேண்டியிருந்தன. எதற்கு முன்னுரிமை என்று மதிப்பிடும் பொறுப்பு பிரிசில்லாவுடையது.

விதியை வகுத்தவளும் அவளே. அழிவின் நெருக்கம், இனத்தின் தனித்தன்மை, திரும்பிப் போக வாழிடம் ஆகிய மூன்றுக்கும் ஐந்துக்குள் மதிப்பெண். அவற்றைக் கூட்டக் கூடாது, பெருக்கவே வேண்டும் என்று வற்புறுத்தியிருந்தாள். கூட்டினால் ஒன்றில் பூஜ்யம் வாங்கியதும் தேறிவிடும்; இரக்கம் உள்ளே நுழைந்துவிடும்.

தவளைக்கு மூன்று, இரண்டு, நான்கு. பெருக்கினால் இருபத்து நான்கு. கெண்டைக்கு ஐந்து, ஐந்து. மூன்றாவது மதிப்பெண்ணை அவள் இன்னும் இடவில்லை.

“ஒண்ணு போடு பிரிசி,” என்றாள் ஞானசுந்தரி. தவளை அவளுடைய ஆய்வு. “இருபத்தஞ்சு வந்துடும். என் தவளை ஒண்ணும் கோச்சிக்காது.”

“எந்த ஆத்த நம்பிப் போட்றது?”

“தோல் பதனிட்ற ஷாப் தண்ணிய சுத்தம் பண்ணித்தான் உடறாங்களாம். பத்து வருஷத்துல உப்பு கம்மியாய்டும்ன்றாங்க.”

“மண்ணுக்குள்ள எறங்குனது எங்கடி போவும்? அதுக்குள்ள உன் தவளையும் செத்துடும். அதுக்காவது போறதுக்கு ஓடை இருக்குது.”

“அப்ப இத இன்னா பண்றது?”

பிரிசில்லா பூஜ்யம் இட்டாள். பெருக்கிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

மறுநாள் ஆய்வக உதவியாளர் கோதண்டராமன் கைவலையுடன் வந்தார். “எங்க மேடம் உடறது? காலேஜ் கெணத்துல?”

“அதுல ஆப்பிரிக்கக் கெளுத்தி இருக்கு. ஒண்ணு உடாம தின்னுடும்.”

“அப்ப ஆத்துல?”

“அங்க செத்துடும்னுதானே கொண்டாந்தோம்.”

“நல்லாப் பொழைக்க வெச்சீங்க, போங்க.”

அவள் மேசைக்கடியிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் பேசின்களை எடுத்துக் கழுவினாள்.

“ஒண்ணே போதுமே மேடம். இருக்கறதே பத்து மீனு.”

“ஆண் ஒண்ணுல, பொட்டை ஒண்ணுல.”

“சேத்து உட்டாத்தானே குஞ்சு பொரிக்கும்?”

“பொரிச்சா எங்க வெப்பீங்க?”

கோதண்டராமன் முதல் மீனை வலையில் ஏந்தி அவள் முன் நீட்டினார். பிரிசில்லா குனிந்து வயிற்றைப் பார்த்தாள்.

“பொட்டை,” என்றாள். “முட்டையோட இருக்கு.”